டாக்டர் மங்கை கேட்ட காபி

டாக்டர் மங்கையர்க்கரசி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு கேள்வியாக வந்து சேர்ந்தது. அவரும் நானும் பல வருடம் வேலை பார்த்த அறக்கட்டளையின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சிஸ்டர், மங்கை மேடம் சிரிச்ச மாதிரி போட்டோ ஏதாவது உங்ககிட்ட இருக்குமா? பேனர் அடிக்கணும்" என்றாள். எதற்குப் பேனர் என்று கேட்டேன். உங்களுக்கு யாருமே சொல்லலையா என்று இழுத்தாள். விடியும்போதே முடிந்துவிட்டதாம். டாக்டரின் அண்ணன் என் பழைய நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. சாவுச் செய்தி கேட்டதும் அவளைப் பேனர் வேலைக்கு விரட்டியவர்கள் மேல்தான் கோபம்.

அடுத்த வாரம் செயலாளரே பேசினார். நினைவு மலர் போடுகிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம். "நல்ல விஷயமா நாலு வரி போதும் சிஸ்டர், பழசெல்லாம் கிளற வேண்டாம்" என்றார். அந்த மலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு வரியில் அடங்கவில்லை. கிளறாமல் எழுதவும் எனக்கு வரவில்லை. டாக்டர் மங்கையோடு வேலை பார்த்தவர்களும், அவர் வந்து போன வீடுகளில் இன்னும் இருப்பவர்களும் இதைப் படித்தால் போதும்.

அந்த நாட்களை அறியாதவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய புற்றுநோயாளிகளை நாங்கள் வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். ஒரு மாருதி ஆம்னி வண்டி, ஒரு டாக்டர், நர்ஸாக நான். வலி, வாந்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல், தூக்கமின்மை என்று ஒவ்வொரு தொல்லைக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்டு ஒரு தாளில் எழுதுவோம். பூஜ்யம் என்றால் தொல்லையே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மார்ஃபின் மாத்திரை ஏறும், இறங்கும். வலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. நோயாளியின் வாயிலிருந்து வரும் அந்த எண் ஒன்றுதான் எங்களுக்கு இருந்த ஆதாரம்.

டாக்டர் மங்கைக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒக்கலிபுரத்தில் ரயில்வேக்காரர் வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, வீட்டுக்கு வீடு மாமியாரைப் பார்த்த பிறகு ஆசை விட்டுப்போச்சு என்பார். முன்கோபி என்று அவரைச் சொல்வார்கள். அது அநியாயம், அவருக்குப் பின்கோபமும் உண்டு. காலையில் திட்டியதற்கு மாலையில் காரணம் கண்டுபிடித்து மறுபடியும் திட்டுவார். ஆனால் ஒரு நோயாளி வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார். நோயாளி சொன்னால் சொன்னதுதான், நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதத்துக்கு முதல் அடி சந்தாபுராவில் விழுந்தது. ஒரு ரிட்டயர்டு ஃபேக்டரித் தொழிலாளி, தொண்டையில் புற்றுநோய். எத்தனை என்று கேட்டோம். அவர் யோசித்தார். கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் வந்து, "நல்ல மார்க்கா போடு நைனா" என்றாள். அவர் ஒன்பது என்றார். மாத்திரையை ஏற்றினோம். அடுத்த வாரமும் ஒன்பது. மறுபடியும் ஏற்றினோம். மூன்றாம் முறை போனபோது மனிதர் பகலெல்லாம் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், வயிறு உப்பிக் கிடந்தது. இன்னும் ஒன்பதுதானா என்று டாக்டர் குனிந்து கேட்டார். அவர் கண்ணைத் திறந்து, "பத்தே குடுத்திருப்பேம்மா. மொத வாரம் லேட்டா வந்தீங்க, அதான் ஒண்ணு கொறச்சேன்" என்றார்.

எங்களுக்கு மார்க் போட்டிருக்கிறார். எங்கள் தாளையும் பேனாவையும் பார்த்து, நாங்கள் எப்படிக் கவனித்துக்கொள்கிறோம் என்றுதான் கேட்கிறோம் என்று அப்பாவும் மகளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரையைக் குறைத்து, வயிற்றைச் சரி செய்துவிட்டுத்தான் அன்று கிளம்பினோம். எனக்கு வண்டியில் சிரிப்புத் தாங்கவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. பொம்மசந்திரா தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "நாம வலிய அளக்கல செல்வி. அவங்க நம்ம மேல வச்சிருக்கிற மரியாதைய அளந்துட்டு வந்திருக்கோம்" என்றார். அதிலிருந்து எண்ணை முதலில் கேட்பதை விட்டுவிட்டார். எந்தப் பக்கம் படுக்க முடிகிறது, குளிக்கும்போது கை தூக்க வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில்தான் எண்ணுக்கு வருவார்.

காபி கேட்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். டாக்டருக்கு வயிற்றெரிச்சல் உண்டு, காபி ஆகாது. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் உட்கார்ந்ததும், "ஒரு காபி கெடைக்குமாம்மா?" என்பார். இந்த ஊரில் வீட்டுக்கு வந்த டாக்டர் வாய்விட்டுக் காபி கேட்டால் பெண்கள் பறந்துகொண்டு போவார்கள். பால் இல்லையென்றால் மகனோ கணவனோ கடைக்கு ஓடுவான். அறையில் நோயாளியும் நாங்களும் மட்டும் மிஞ்சுவோம். அந்த இடைவெளிக்காகத்தான் காபி. பக்கத்தில் வீட்டார் நின்றால் நோயாளி வீட்டாருக்குப் பதில் சொல்கிறார், நமக்குச் சொல்வதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். வந்த காபியை ஒரு சொட்டு விடாமல் குடிப்பார், வண்டியில் ஏறி நெஞ்சைத் தடவிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே வருவார்.

ஈஜிபுராவில் அந்த வித்தை முதலில் பலிக்கவில்லை. பச்சையம்மா என்று ஒரு அம்மா, திருவண்ணாமலைப் பக்கம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மகன் தண்ணீர் கேன் போடுபவன், மருமகள் தேவி ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மாமியாருக்கு முடியாமல் போனதிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. மூன்று பேருக்கும் ஒரே அறை, அடுப்பும் அதற்குள்தான். டாக்டர் காபி கேட்டார். தேவி கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். பச்சையம்மா, "பர்வால்ல டாக்டரம்மா, ரெண்டுதான்" என்றார். அடுத்த முறை டாக்டர் சோடா கேட்டார். சோடா வேண்டுமென்றால் மெயின் ரோடு வரை போக வேண்டும்.

தேவி வாசலைத் தாண்டியதும் டாக்டர் மறுபடியும் கேட்டார். பச்சையம்மா வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டும்மா. நான் எட்டுன்னா எம் மவன் தேவியப் புடிச்சித் திட்டுவான், மாத்திர ஒழுங்கா குடுக்கலியான்னு. பாவம் அது. வேலயும் வுட்டுட்டு என் பீத்துணி தொவைக்குது."

எட்டு என்று தெரிந்துவிட்டது. தேவி சோடாவோடு வந்தபோது டாக்டர் அவளிடம் எட்டைப் பற்றிப் பேசவே இல்லை. இது வேறு ஸ்டாக், பவர் கம்மி, இனிமேல் இரண்டு இரண்டாகக் கொடு என்று கூசாமல் பொய் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவளைத் தனியாக நிறுத்தி, "உனக்கு எத்தனை?" என்றார். அவளுக்குப் புரியவில்லை. "உன் ஒடம்புக்கும் மனசுக்கும்தான். பத்துக்கு எவ்ளோ?" என்றதும் அவள் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் எண் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை டாக்டர் அந்தச் சந்தில், தண்ணீர் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிவிட்டபடி நின்றுகொண்டிருந்தார். வண்டியில் என்னிடம் சொன்னார், "தனியா சொன்னது தனியாவே இருக்கணும் செல்வி. டோஸ் மட்டும் ஏறணும். நாம போனதுக்கப்புறம் அந்த வீட்டுல அவங்கதான் இருக்கப் போறாங்க." பச்சையம்மாவின் கடைசி இரண்டு மாதம் அந்த வீட்டில் சண்டையில்லாமல் கழிந்தது.

இனி செயலாளர் கிளற வேண்டாம் என்ற பகுதி வருகிறது. அறக்கட்டளையில் வீடுகளுக்குப் போக இரண்டு குழுக்கள் இருந்தன. இன்னொரு குழு குடும்பத்தை வைத்துக்கொண்டு கேட்டது, ஆகவே அவர்களுடைய நோயாளிகளின் வலி வாரா வாரம் அழகாக இறங்கியது. எங்களுடைய எண்கள் இறங்குவதும் ஏறுவதுமாக அசிங்கமாக இருந்தன. அப்போதும் இதே செயலாளர்தான், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மாதாந்தரக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டார், "உங்க டீம் பேஷண்டுகளுக்கு மட்டும் வலி ஏன் எறங்க மாட்டேங்குது டாக்டர்? டோனர்ஸ் கேக்கறாங்க, நான் என்ன சொல்றது?" டாக்டர் மங்கை பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாங்களும் கேக்கறத விட்டுட்டா எறங்கிடும் சார்" என்றார். சிலர் சிரித்தோம். செயலாளர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு விதி வந்தது. நோயாளிகள் குழம்பியிருக்கலாம், ஆகவே குடும்பத்தினர் ஒருவரை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும், தாளில் அவருடைய கையெழுத்தும் வாங்க வேண்டும். டாக்டர் சண்டை போட்டார். எழுதிக் கொடுத்தார். பச்சையம்மாவின் பெயர் சொல்லாமல் பச்சையம்மாவின் கதையைச் சொன்னார். ஒருவரும் அதை மறுக்கவில்லை, கையெழுத்து இருந்தால் ஆடிட்டுக்கு வசதி என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரமே அவரை வீடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தி, புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுக்க ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. கௌரவமாக ஒரு சால்வை போர்த்தினார்கள். அதற்கடுத்த ஆண்டறிக்கையின் அட்டையில் வலி இறங்குவதைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்றை வண்ணத்தில் போட்டிருந்தார்கள், குழந்தைகள் சறுக்கி விளையாடலாம் போல அத்தனை வழவழப்பாக இருந்தது. நானும் பிறகு அங்கே நிலைக்கவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்துகொண்டேன்.

சில வருடம் கழித்து டாக்டருக்கே கணையத்தில் வந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஒக்கலிபுரத்தில் அண்ணன் தாமோதரன் வீட்டு மாடியில் படுத்திருந்தார். அண்ணன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தங்கை என்றால் உயிர். அவரும் அண்ணியும் கவனித்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்ததோ அதே அறக்கட்டளை. வேறு எங்கே போவது, மார்ஃபின் கொடுக்க வேறு யார் வருகிறார்கள்?

நான் போயிருந்த ஒரு நாள் அவர்களுடைய நர்ஸ் வந்தாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். கட்டில் ஓரம் நின்று, அண்ணனையும் அண்ணியையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, "இவத்து நோவு எஷ்டு மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டாள், இன்று வலி எத்தனை என்று. டாக்டர், "எரடு" என்றார். இரண்டு. அண்ணன் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். நான் டாக்டரின் காலைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே விரல்கள் எல்லாம் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன. இரண்டு சொல்கிற கால் அப்படி இருக்காது.

நர்ஸ் போனதும் நான் அண்ணியிடம் கொஞ்சம் காபி கிடைக்குமா என்றேன். எனக்குக் கெட்டிப் பாலில் போட்டால்தான் பிடிக்கும் என்று அண்ணனையும் பால் பாக்கெட்டுக்குக் கிளப்பினேன். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"எனக்கே காபியா?"

ஆமாம் மேடம், எத்தனை என்றேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எட்டு" என்றார். "அண்ணங்கிட்ட சொல்லாத. மாத்திர ஏத்தினா நான் போயிடுவேன்னு பயந்துட்டிருக்கான். ஏத்தாம இருந்தா இருப்பேன்னு நெனைக்கிறான். அவன் அப்படியே நெனச்சிக்கட்டும்."

எத்தனை பேரை அவர் இதற்காகக் கடிந்திருக்கிறார். வீட்டுக்காரங்க மனசுக்காக நீங்க ஏன் வலிய தாங்கறீங்க என்று எத்தனை கட்டிலருகே கேட்டிருக்கிறார்.

அவராக இருந்தால் அந்த இடத்திலேயே டோஸை மாற்றியிருப்பார், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. வாசலுக்கு வந்து அறக்கட்டளையின் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். இளைஞர், பொறுமையாகவே பேசினார். "ஷீட்ல ரெண்டுதானே சிஸ்டர் இருக்கு. ஃபேமிலி சைனும் இருக்கு. அடுத்த விசிட்ல பாத்துக்கலாம்" என்றார். யாருடைய தாள் அது என்று தெரியுமா என்று கேட்டேன். டாக்டர் மங்கையின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்தத் தாளில் குடும்பத்தின் கையெழுத்தைச் சேர்த்தபோது அதை எதிர்த்து மல்லுக்கட்டியவர் அவர்தான் என்று நான் சொன்னதற்கு, ஓ என்றார். அந்த ஓ இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணன் பால் பாக்கெட்டோடு வந்தார். அவர் ஒப்புக்கொண்டு, அவரே போய்க் கேட்டாலொழிய அந்த மாத்திரை ஏறாது. தனியாகச் சொன்னது தனியாகவே இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் மாடியில் படுத்திருக்கிறார். படிக்கட்டிலேயே அண்ணனை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. "என் எதிர்லதானேம்மா ரெண்டுன்னு சொன்னா?" என்றார்.

"உங்க எதிர்லங்கறதாலதான் அண்ணா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பால் பாக்கெட்டிலிருந்து வேட்டியில் நீர் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானா அவளை வலிக்க விட்டேன் என்று இரண்டு மூன்று முறை கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அன்று மதியமே அவர் ஆட்டோ பிடித்து அறக்கட்டளைக்குப் போனார். டாக்டர் வந்து பார்க்காமல் நகர மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டாராம். மறுநாள் டோஸ் ஏறியது.

அதன்பின் ஒரே ஒரு முறை பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார், கால் விரல்கள் தளர்ந்திருந்தன. நடுவில் விழித்து என்னை அடையாளம் கண்டார். "உங்கிட்ட சொன்னது தப்பு செல்வி. வீட்டுல போட்டு ஒடச்சிட்ட. அவன் என் மூஞ்சியப் பாக்கவே பயப்படறான்" என்றார். இப்போது எத்தனை மேடம் என்று கேட்டேன். "கேக்காத" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான். அது வலிக்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே படிக்கட்டில் மறுபடியும் நிற்க நேர்ந்தால் மறுபடியும் சொல்வேன். கடைசிச் சில நாட்கள் அவர் தூங்கினார். அதற்கு முன்னால் அண்ணனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த வாரங்களை ஒருவரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

செயலாளருக்கு: அவர் சிரித்த போட்டோ என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய காபி. நர்சிங் ஹோமில் இன்றைக்கும் நோயாளியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றால், எனக்கு ஒரு காபி கிடைக்குமா என்று கேட்டு அவர்களைக் கேன்டீனுக்கு அனுப்புகிறேன். கதவு சாத்திய பிறகு இரண்டாம் முறை கேட்கிறேன். வந்த காபியைக் குடித்தும்விடுகிறேன், இப்போது எனக்கும் நெஞ்செரிகிறது.

டாக்டர் மங்கையின் தாள் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அதில் வாரா வாரம் இரண்டு என்று எழுதி, அவர் அண்ணனின் கையெழுத்தும் இருக்கும். வருகிற ஆண்டறிக்கையில் உங்கள் வண்ணப் படத்தில் கோடு இறங்குவதற்கு அந்த இரண்டும் உதவும். அது இரண்டு அல்ல, எட்டு. காபிக்கு ஆள் அனுப்பிவிட்டு அவரிடம் நான் கேட்டு வாங்கிய எண் அது. மலரில் இடம் போதவில்லை என்றால் மேலே இருப்பதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். எட்டை மட்டும் குறைக்காமல் அச்சிடுங்கள்.